லிவர்பூல் சப்போர்ட்டர்ஸ் போர்டு: சூப்பர் லீக்குக்குப் பூட்டு, டிக்கெட் விலைக்கு இல்லை

லிவர்பூல் உரிமையாளர்களான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப்புக்கு மன்னிப்புக் கேட்பது புதிதல்ல. 2016 பிப்ரவரியில் புதிய மெயின் ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்றார்கள். சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். 2-0 என்றிருந்த ஆட்டம் 2-2இல் முடிந்தது. சில நாளில் மன்னிப்பு வந்தது, உச்ச விலை 59 பவுண்டிலேயே நின்றது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது ஊழியர் சம்பளத்துக்கு அரசு நிதி கேட்டு, இரண்டே நாளில் வாபஸ். 2021 ஏப்ரல் 18இல் பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனியாகத் தொடங்கப் பார்த்த ஐரோப்பிய சூப்பர் லீக், 21இல் முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றியின் மன்னிப்புக் காணொளி.

மூன்றாவது முறை ரசிகர்கள் வாய்வார்த்தையோடு விடவில்லை. 2008இல் தொடங்கிய ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்ற ரசிகர் அமைப்பு பேரம் பேசி வாங்கியதுதான், கிளப் நிர்வாகத்தோடு ரசிகர் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசும் சப்போர்ட்டர்ஸ் போர்டு. மாற்றுத்திறனாளி ரசிகர் சங்கம், தன்பாலீர்ப்பாளர், திருநர் ரசிகர்களின் காப் அவுட்ஸ் போன்ற குழுக்களுக்கும் இதில் இடமுண்டு.

இதன் பலம் ஒரே இடத்தில் இருக்கிறது. சூப்பர் லீக் மாதிரியான போட்டியில் சேர ரசிகர் தரப்பின் ஒப்புதல் வேண்டும் என்பது கிளப் கம்பெனியின் சட்டபூர்வ அடிப்படை விதிகளான ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷனிலேயே ஏறியிருக்கிறது. பிரீமியர் லீக் 2023-24 முதல் எல்லா கிளப்பும் ரசிகர் ஆலோசனைக் குழு வைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆனால் அது காது கொடுக்கும் ஏற்பாடு மட்டுமே. மான்செஸ்டர் யுனைடெட்டில் அப்படியொரு குழு இருந்தும், 2024இல் சீசன் நடுவே மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டை 66 பவுண்டாக்கி, சிறுவர், முதியோர் சலுகையையும் தூக்கினார்கள்.

லிவர்பூல் போர்டு சறுக்குவதும் டிக்கெட்டில்தான். அதில் ஒப்புதல் உரிமை கிடையாது, கலந்து பேசுவது மட்டும்தான். 2024 வசந்தத்தில் விலை 2% ஏறியபோது உருப்படியாகக் கலந்து பேசவே இல்லை என்று ரசிகர் தரப்பு கொதித்தது. ஏப்ரல் 11இல் இத்தாலியின் அட்டலாண்டாவுடனான ஆட்டத்தில், ரசிகர்கள் வழக்கமாகக் கொடி பிடிக்கும் காப் ஸ்டாண்டில் எதிர்ப்பாகக் கொடிகளே இல்லை, ஆட்டமும் 0-3. அடுத்த ஆண்டு, 2025-26க்கு விலை ஏறவில்லை.

அந்த 2% எவ்வளவு பெறும்? லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் சுமார் 61,000 இருக்கைகள். சராசரி டிக்கெட் 50 பவுண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு 61,000 பவுண்டு, 19 லீக் ஆட்டங்களுக்கு ஏறக்குறைய 11.6 லட்சம். முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் சில வாரச் சம்பளம். இதற்காக ஆண்டுக்கணக்கில் கட்டிய நம்பிக்கையைக் கரைப்பது வியாபாரமாகக்கூடக் கட்டுப்படியாகாது.

இதை நகலெடுக்க நினைக்கும் கிளப்புகள் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது காலம். சீசன் டிக்கெட் புதுப்பிப்பு வசந்தத்தில் வருகிறது. அதற்குச் சில வாரம் முன்பு கூட்டம் போட்டால் பட்ஜெட் அதற்குள் முடிவாகியிருக்கும், வந்தவர்கள் தலையாட்டத்தான் முடியும். நவம்பரிலேயே ஆட்டநாள் செலவு, ஒவ்வொரு 1% உயர்வும் தரும் வரவு, மாற்று வழிகள் ஆகியவற்றை எண்ணோடு மேசையில் வைக்க வேண்டும். நிர்வாகத்தின் தரப்பில் உட்கார்பவர் முடிவெடுக்கும் இயக்குநராக இருக்க வேண்டும். மக்கள் தொடர்பு அதிகாரியை அனுப்பினால் அவர் குறிப்பெடுத்துக்கொண்டு போவதோடு சரி.

இரண்டாவது சட்டம். இங்கிலாந்து கம்பெனிச் சட்டப்படி 75% வாக்கு கையிலிருந்தால் ஆர்ட்டிகிள்ஸைத் திருத்திவிடலாம். பெரும்பாலான கிளப்புகளில் உரிமையாளரிடம் அதற்கு மேலேயே இருக்கும். ஆகவே அந்த விதியைத் திருத்தவும் ரசிகர் ஒப்புதல் தேவை என்று இன்னொரு விதியைச் சேர்க்காவிட்டால், முதல் விதி அடுத்த உரிமையாளர் வரும்வரைதான் தாங்கும்.

சின்னத்துக்கும் சட்டை நிறத்துக்கும் இனி தனிப் பேரம் வேண்டாம். கார்டிஃப் சிட்டி கிளப்பின் நீலச் சட்டையை அதன் உரிமையாளர் வின்சென்ட் டான் 2012இல் சிவப்பாக்கி, 2015இல்தான் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதிரி வேலைக்கு இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்களில் பெரும்பான்மையின் ஆதரவு வேண்டும் என்று 2025ஆம் ஆண்டின் கால்பந்து நிர்வாகச் சட்டம் சொல்கிறது. டிக்கெட் விலையில் கலந்து பேசச் சொல்கிறதே தவிர, ரசிகர்களுக்குத் தடுக்கும் உரிமை (வீட்டோ) தரவில்லை.

மதிப்பெண்: 5க்கு 3. விலை உயர்வுக்கும் ஒப்புதல் விதி வந்தால் 4.