மாணவர்களுடன் பயணம் போக வாகனம் பதிவு செய்பவர்களுக்கு எச்சரிக்கை: எங்கள் 60,000 போன விதம்

மாணவர்களைச் சாலை வழியாகச் சுற்றுலா அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் வாகனத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடகைப் பேருந்துகளையும் வேன்களையும் ஏற்பாடு செய்து தரும் ஓர் இணையதளத்தில் நாங்கள் கட்டிய 60,000 முன்பணம் முழுவதும் போய்விட்டது, பயணமும் நடக்கவில்லை. நுகர்வோர் புகார் கொடுக்கவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வாகனம் எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாகனத்தைத் தவிர மற்ற எல்லா வேலைகளும் முடிந்திருந்தன. பெற்றோர்களின் ஒப்புதல் கடிதங்கள் கைக்கு வந்துவிட்டன. எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு மாத்திரை, யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியலை ஒவ்வொரு வீட்டிலும் பேசித் தயாரித்திருந்தோம். வண்டி நிற்கும் இடங்களில் எந்த ஆசிரியர் எந்தக் குழுவை எண்ணி ஏற்றுவது என்பதுவரை பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. பணமும் எளிதில் சேர்ந்த பணம் அல்ல. சில வீடுகளில் அதை இரண்டு மூன்று தவணையாகத்தான் கொடுத்தார்கள்.

அந்த இணையதளத்தின் சார்பில் பேசியவரை நாங்கள் நம்பியதற்குக் காரணம் விலை அல்ல. இன்னும் குறைவாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் எடுத்த எடுப்பிலேயே, "மேடம், வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு முன் வரிசையை ஒதுக்கிவிடலாம்" என்று கேட்டார். எல்லா இருக்கைக்கும் சீட் பெல்ட் உண்டா என்று நான் கேட்பதற்கு முன்பே, பெல்ட் போட்டுக் காட்டும் காணொளி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நீண்ட தூரம் என்பதால் இரண்டு ஓட்டுநர்கள் வருவார்கள் என்றும், புறப்படுவதற்கு முந்தைய மாலையே வண்டியைக் கொண்டுவந்து காட்டுவோம் என்றும் உறுதி சொன்னார். பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கும் ஒருவர் ஏமாற்றுவார் என்று யாருக்கும் தோன்றாது. அன்று மாலையே, அந்த இணையதளத்தின் வழியாகவே, 60,000 கட்டினோம்.

முந்தைய மாலை வந்து நின்றது வேறு பேருந்து. நிறம் மட்டும் படத்தில் இருந்ததைப் போல இருந்தது. உள்ளே ஏறிப் பார்த்தால் பாதி இருக்கைகளில் சீட் பெல்ட் இல்லை. இருந்தவற்றில் சில, மாட்டும் கொக்கி இல்லாமல் வெறும் பட்டையாகத் தொங்கின. தீயணைப்பான் ஒன்று இருந்தது, ஆனால் அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியைவிட்டுச் சிவப்பில் கிடந்தது. அவசரக் கதவுக்குக் குறுக்கே கூடுதல் இருக்கை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள்.

என்னுடன் வந்த ஆசிரியர் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன் சக்கரத்தின் அருகே குனிந்தார். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். அதில் 0811 என்று இருந்தது. அதாவது 2011ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். அந்தப் பேருந்தில் ஏறவிருந்த எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைவிட மூத்த டயர் அது. எண்ணைச் சுற்றிலும் ரப்பர் வெடித்து வலை பின்னியதுபோல் கோடுகள் ஓடியிருந்தன. மேற்பரப்பின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் பலரும் நல்ல டயர் என்று ஏமாறுகிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் உள்ளுக்குள் இறுகிப் பலம் இழக்கும். பிரிட்டனில் 2012இல் ஒரு பேருந்தின் 19 ஆண்டுப் பழைய முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். இறந்த இளைஞர் ஒருவரின் தாய் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2021 பிப்ரவரி முதல் பேருந்துகளின் முன் அச்சில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர் பொருத்துவது அங்கே தடை செய்யப்பட்டது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் ஓட்டுநரின் பிடியில் நிற்காது என்பதற்குத்தான் அந்தத் தடை.

ஓட்டுநரும் ஒருவர்தான் வந்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்கள் சிவந்து, நிற்கவே முடியாத அளவுக்குக் களைத்திருந்தார். "ராத்திரி முழுக்க வேறு ட்ரிப் ஓட்டிவிட்டு நேராக இங்கே வருகிறேன் டீச்சர். எடுத்துக்கொண்டு போ என்றார்கள், வந்தேன்" என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே தீர வேண்டும் என்று பேருந்து ஓட்டுநர்களுக்கு விதி இருக்கிறது. தூங்காத ஒரு மனிதரிடம் அத்தனை பிள்ளைகளை ஒப்படைத்து விடியற்காலையில் கிளம்பச் சொல்கிறது இந்த நிறுவனம்.

உடனே அழைத்தேன். அதே மனிதர், அதே கனிவான குரல். "தவறு நடந்துவிட்டது மேடம், மாற்று வண்டி அனுப்புகிறோம். ஆனால் பழைய பதிவு இருக்கும்வரை கணினி புதிய வண்டியை ஏற்காது. நீங்கள் உங்கள் பக்கத்தில் ரத்து என்பதை அழுத்துங்கள், பணம் தானாகப் புதிய பதிவுக்கு மாறிவிடும்" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். அதன்பின் அவர் அழைப்பை எடுக்கவில்லை. மாற்று வண்டியும் வரவில்லை. வந்தது ஒரு குறுஞ்செய்தி: புறப்படும் நேரத்துக்கு 24 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளரே ரத்து செய்திருப்பதால் 60,000 திருப்பித் தரப்படமாட்டாது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. வாடிக்கையாளர் சேவையில் பேசிய ஒருவர், நாங்கள் இடைத்தரகர்கள் மட்டுமே, வண்டியின் உரிமையாளரிடம் கேளுங்கள் என்றார். உரிமையாளரோ தன் கைக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். இன்னொருவர், நிபந்தனைகளில் 'அல்லது அதற்கு இணையான வாகனம்' என்று தெளிவாக இருக்கிறதே என்று எனக்கே பாடம் நடத்தினார். பெல்ட் இல்லாத வண்டி பெல்ட் உள்ள வண்டிக்கு எந்த வகையில் இணை என்று கேட்டதற்கு, "இருக்கை எண்ணிக்கை சமம் மேடம்" என்று பதில் வந்தது. படங்களை அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றார்கள், மீண்டும் அனுப்பினேன். புகார் முடித்துவைக்கப்பட்டது என்று தானியங்கிச் செய்தி வந்தது; திறந்து பார்த்தால் தீர்வு என்ற இடத்தில், அடுத்த பயணத்துக்கு ஒரு சிறு தள்ளுபடி. 60,000-ஐப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அது நிறுவனத்தின் பணமோ பள்ளியின் பணமோ அல்ல, பெற்றோர்களின் பணம். ஒவ்வொரு வீட்டிலும் போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தவணையில் கட்டியவர்களுக்கு முதலில் திருப்பிக் கொடுத்து வருகிறோம். ஒரு தகப்பனார், "பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றாமல் விட்டீர்களே, அது போதும்" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்க மறுத்ததற்கு எங்களிடம் 60,000 அபராதம் வசூலித்திருக்கிறார்கள் என்பதுதான் நடந்தது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். வண்டியின் பதிவு எண்ணை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். காப்பீடு, தகுதிச் சான்று, பர்மிட் எல்லாம் அந்த எண்ணுக்கே உரியவையா என்று பாருங்கள். 'இணையான வாகனம்' என்ற வரி இருந்தால், சீட் பெல்ட்டும் இரண்டாவது ஓட்டுநரும் அதில் அடங்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். டயரின் நான்கு இலக்கத்தை நேரில் பாருங்கள். வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் உள்பக்கச் சுவரில் இருக்கக்கூடும். வண்டியை நேரில் பார்த்த பிறகும் அதை மாற்றுவதற்கு ஒரு நாளாவது கையில் இருக்கட்டும். முந்தைய மாலை என்பது அவர்களுக்குத்தான் வசதி. யார் எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் ரத்து என்பதை நீங்கள் அழுத்தாதீர்கள், அவர்களை ரத்து செய்யச் சொல்லுங்கள். பேசியதையெல்லாம் அன்றைக்கே செய்தியாக எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

நுகர்வோர் புகாருக்கான தாள்களையும் டயரின் படங்களையும் அந்தக் காணொளியையும் சேர்த்துவிட்டோம், நாளை கொடுக்கிறோம். இதே முறையில் ரத்து பொத்தானை அழுத்தச் சொல்லி ஏமாற்றப்பட்டவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு வந்த செய்தியின் படத்தை எனக்கு அனுப்புங்கள். எங்கள் புகாருடன் சேர்த்துக் கொடுக்கிறேன்.