1/24 அம்பாசடர் கிட்டுக்கு முன்பணம் கேட்கிறார்களா? அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

மாடல் கார் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. க்ரீம் நிற அம்பாசடர் மார்க் 4, 1/24 அளவு (நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு), துண்டுகளாக வந்து நாமே கட்டுகிற ரெசின் பிளாஸ்டிக் கிட், பாதிப் பணம் முன்கூட்டியே. இந்த முறை கூடவே பிரீமியர் பத்மினியும் கான்டெஸாவும் வருமாம். போன் நம்பர் புதிது, பெயர் புதிது, படங்கள் மட்டும் பழையவை. அதே படங்களைக் காட்டித்தான் போன வருடம் என்னிடம் 6,500 ரூபாய் வாங்கினார்கள். ஆள் யார் என்று பொதுவில் எழுதப் போவதில்லை. என்ன வந்தது, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் பொழுதுபோக்கில் அம்பாசடர் ஒரு தீராத ஏக்கம். ஜப்பான் கார் வேண்டுமென்றால் விதவிதமாகக் கிடைக்கும். 2014 வரை உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்த நம் வண்டியை டாமியாவோ ஹசெகாவாவோ ரெவெலோ, எந்தப் பெரிய மாடல் கம்பெனியும் கிட்டாகப் போட்டதில்லை. பொம்மைக் கடையில் அம்பாசடர் உண்டு, ஆனால் அது விளையாடக் கொடுக்கிற சாமான், நாம் உட்கார்ந்து கட்டுகிற சரக்கு இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் கொட்டகையில் ஒரு காலத்தில் அந்த வண்டிதான் நிற்கும். அப்பச்சியிடமும் ஒரு மார்க் 4 இருந்தது. அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்கு அதையே சின்னதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது என் திட்டம். இப்படி ஆசையோடு வருகிறவர்களைக் குறிவைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

விற்றவரின் பேச்சில் ஒரு குறையும் இல்லை. "ப்ரோ, 8கே ரெசின் 3டி பிரிண்டர், லேயர் கண்ணுக்கே தெரியாது. கிரில் எட்ச் செய்த தகடு, கண்ணாடி எல்லாம் தனி கிளியர் பார்ட்ஸ்" என்றார். பாடியை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "எல்லாம் பேக்கிங்கில் இருக்கு ப்ரோ" என்று பதில் வந்தது. பாதிப் பணம் போனது. பார்சல் கட்டிவிட்டேன் என்று ரசீதைக் காட்டி மீதியையும் வாங்கிக்கொண்டார்.

பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்தேன். தெர்மோகோல் உருண்டைகளுக்கு நடுவே ஒரு பாடி, ஒரு தரைத்தட்டு, நாலு சக்கரம். எட்ச் தகடு, அதாவது அரித்து வடிவெடுத்த மெல்லிய உலோகத் தகடு என்று சொன்ன கிரில், போட்டோ பேப்பரில் அச்சடித்து வெட்டிய ஒரு துண்டு. கிளியர் பார்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓஎச்பி ஷீட் ஒன்று மடங்கிக் கிடந்தது, வெட்டிக்கொள்வது நம் பாடாம்.

பாடியைக் கையில் எடுத்ததும் அது ரெசின் இல்லை என்று தெரிந்துவிட்டது. ரெசின் பிரிண்டரில் ஒரு அடுக்கு 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்குக் கீழே மறைந்துவிடும். இது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குகிற சாதாரண பிரிண்டரில் எடுத்தது. அதில் ஓர் அடுக்கு 0.2 மில்லிமீட்டர் வரும். கதவுப் பக்கம் சுமாராக இருந்தாலும், கூரையும் பானெட்டும் மெதுவாக வளைகிற இடத்தில் வரிவரியாக, தேன்குழலைப் பிழிந்து சுற்றிய மாதிரி இருந்தது. அம்பாசடருக்கு அழகே அந்த பானெட்டின் வளைவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சூட்டில் பிஎல்ஏ இளகி, தாளில் அப்பிக்கொள்கிறது. மாடல் கட்டுகிறவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் சிமென்ட் அதைப் பிடிக்காது, அது வழக்கமான கிட்டுகளின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுகிற பசை. இதற்கு ஃபெவிக்விக்தான்.

அதற்கு மேல்தான் முக்கியமான சங்கதி. அலமாரியில் நான் முன்பே கட்டி வைத்திருந்த டாமியாவின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருக்கிறது, அதுவும் 1/24. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்பாசடர் நீளத்தில் பீட்டிலைவிடக் குட்டை! இரண்டு வண்டியையும் ரோட்டில் பார்த்த யாருக்கும் இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். வெர்னியர் எடுத்து அளந்தேன். நிஜ அம்பாசடரின் நீளம் 4,325 மில்லிமீட்டர், 24-ஆல் வகுத்தால் 180 வர வேண்டும். வந்ததோ 166. வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை, நிஜத்தில் 2,464 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 103 இருக்க வேண்டிய இடத்தில் 95. கணக்குப் போட்டால் 1/26. சின்ன பிரிண்டரில் அடங்க வேண்டும் என்று சுருக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வேறு 1/24 கிட்டுகளின் டயரும் சீட்டும் இதற்குச் சரியாகப் பொருந்தாது.

எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிற கல் என்பதால் மேல்பக்கம் வழவழவென்று மட்டமாக இருக்கும். நான் கட்டுகிற எல்லா வண்டியையும் நல்லதாக ஒரு கல் பார்த்து அதன் மேல்தான் நிறுத்திப் பார்ப்பேன். சக்கரத்தைத் தற்காலிகமாக மாட்டி இதையும் நிறுத்தினேன். வலது பின் சக்கரம் அந்தரத்தில் நின்றது, அடியில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. தரைத்தட்டு முறுக்கிக்கொண்டிருந்தது.

வீடியோவையும் அளவுகளையும் அனுப்பினேன். முதலில் "1/24-க்கும் 1/26-க்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது ப்ரோ" என்றார். அப்புறம் "கையால் செய்கிற பொருள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றார். அப்புறம் "நீங்கதான் வெயிலில் வைத்து வளைச்சிட்டீங்க" என்றார். ரெசின் ஏன் பிஎல்ஏ ஆனது என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அதற்குப் பிறகு என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் கையால் வார்த்துக் கட்டிய ஒற்றை மாடல் அது, விற்பனைக்கே வந்தது இல்லை.

எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளில் பேரம் பேசி வளர்ந்தவன் நான். அங்கே எனாமல் தட்டு ஒன்று வாங்கினாலும் திருப்பிப் பார்ப்போம், விளிம்பைத் தடவிப் பார்ப்போம். போனில் விற்கிறவரிடம் அது முடியாது. அதனால் அவரையே அளக்க வைக்க வேண்டும். பாடியின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, சக்கர வளைவுகள் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். நிஜ வண்டியின் வீல்பேஸை இணையத்தில் எடுத்து 24-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பீட்டிலுக்கு 2,400, சரியாக 100 மில்லிமீட்டர் வரும். சாம்பல் பிரைமர் அடித்த கூரையை, வெளிச்சம் சாய்வாக விழும்படி வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்து முடித்த பளபள படம் எதையும் நிரூபிக்காது. நேர்மையாக ரெசின் கிட் செய்கிறவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாகக் காட்டுகிறார்கள். "பேக்கிங்கில் இருக்கு" என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

புகார் விஷயம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் நிற்க வாய்ப்பு உண்டு. என்னுடையதைப் போல ஏதோ ஒன்றை அனுப்பிவிட்டுக் கைகழுவினால், இது மோசடியா சரக்குத் தகராறா என்று இழுபடும். நான் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன், விற்றவர் அசையவில்லை. இப்போது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அரட்டை, பணம் போன ரசீது, பெட்டி திறந்த வீடியோ, ஸ்கேல் வைத்த படங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

இதே ஆளிடம் போன வருடம் ஏமாந்த வேறு யாரும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பத்மினிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள், ரசீதைக் காட்டி மீதி கேட்கும்போது கொடுக்காதீர்கள். முதலில் ஸ்கேல் வைத்த படம் வரட்டும்.