சந்தேகத்தின் பலன்: ‘சீரியல்’ பாட்காஸ்டின் முதல் பருவம்

ஒரு கொலை வழக்கை மீண்டும் ஆராய்ந்து, 2014 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய ‘சீரியல்’ பாட்காஸ்டின் முதல் பருவத்தை நான் இருமுறை முழுமையாகக் கேட்டிருக்கிறேன். முதல்முறை முடித்த கையோடு, அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட அட்னன் சையத் நிரபராதி என்று நண்பர்களிடம் வாதாடினேன். இரண்டாம் முறை, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு சாட்சியத்தையும் குறித்துக்கொண்டு கேட்டபோது, அப்படி அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பது புரிந்தது. ஆனால், இந்த ஆதாரங்களை வைத்து அவருக்குத் தண்டனை கொடுத்திருக்கக் கூடாது என்ற எண்ணம் இரண்டு முறையும் மாறவில்லை.

வழக்கு இதுதான். அமெரிக்காவின் பால்டிமோர் கவுண்டியில் உட்லான் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஹே மின் லீ, 18 வயதில், 1999 ஜனவரி 13 அன்று காணாமற்போனார். பிப்ரவரி 9 அன்று லீக்கின் பூங்காவில் அவருடைய உடல் கிடைத்தது. அவருடைய முன்னாள் காதலரான 17 வயது அட்னன் கைதுசெய்யப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில், ஜூரிகள் ஏறத்தாழ இரண்டே மணி நேரம் கலந்துபேசிவிட்டு அவரைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 30 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன.

தொகுப்பாளர் சாரா கோனிக்கின் குரல்தான் இத்தொடரின் முதல் கவர்ச்சி. ஐந்தாம் அத்தியாயத்தில் அவரும் தயாரிப்பாளர் டேனா சிவ்விஸும் காரை எடுத்துக்கொண்டு, பள்ளி விடும் 2.15 மணிக்கும் கொலைக்குப் பின் அட்னன் பேசியதாக அரசுத் தரப்பு சொன்ன 2.36 மணித் தொலைபேசி அழைப்புக்கும் இடையே உள்ள 21 நிமிடங்களுக்குள் இந்தக் கொலை சாத்தியமா என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். கோனிக் தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, வழியில் ஒரு கடையில் இறால் தள்ளுபடியில் கிடைக்கிறது என்கிறார் டேனா. சிரிப்பு வந்தாலும், அந்தக் காருக்குள் நாமும் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு அங்கேதான் உண்டாகிறது.

என் முதல் குறையும் அதே அத்தியாயத்தில்தான். 2.36 என்பது அரசுத் தரப்பு போட்ட கணக்கு. அவர்களுடைய முக்கியச் சாட்சியான ஜேயின் வாக்குமூலமே அதனுடன் பொருந்தவில்லை. அந்தக் கணக்கை உடைத்தால் அரசுத் தரப்பின் கதையில் ஓட்டை விழும் என்பது உண்மை, ஆனால் அட்னன் கொலை செய்யவில்லை என்பது அதனால் நிறுவப்படாது. உடலைப் புதைக்க உதவியதாக ஒப்புக்கொண்ட ஜே, ஒவ்வொரு விசாரணையிலும் தன் கதையை மாற்றினார். இருந்தும், ஹேயின் கார் நிற்கும் இடத்தைப் போலீசாருக்குக் காட்டியவர் அவர்தான். அட்னன் நிரபராதி என்பவர்கள் இந்த ஒரு தகவலைத் தாண்டியாக வேண்டும். போலீசாரே அந்த இடத்தை ஜேக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியதுண்டு. அது வெறும் ஊகம் என்பதை இரண்டாம் முறை கேட்டபோது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுபுறம், செல்பேசி ஆதாரத்தைப் பாருங்கள். அன்று மாலை 7.09, 7.16 மணிக்கு அட்னனின் செல்பேசிக்கு வந்த இரண்டு அழைப்புகளும் லீக்கின் பூங்காவை ஒட்டிய கோபுரத்தின் வழியாக வந்தன என்பது அரசுத் தரப்பின் பலமான வாதம். ஆனால், உள்வரும் அழைப்புகளை வைத்து இருப்பிடத்தை நம்பகமாகக் கணிக்க முடியாது என்று, அந்தப் பதிவுகளுடன் வந்த ஃபேக்ஸின் முகப்புத் தாளிலேயே தொலைபேசி நிறுவனம் எழுதியிருந்தது. அட்னனின் வழக்கறிஞர் அதை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யாததைக் காரணம் காட்டி, 2016இல் ஒரு நீதிபதி தீர்ப்பையே ரத்துசெய்தார். அந்த உத்தரவு பின்னர் மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. செல்பேசிப் பதிவுகளுக்கு இத்தனை நேரம் ஒதுக்கிய பாட்காஸ்ட், இந்த முகப்புத் தாளைப் பற்றிப் பேசாமல் விட்டது எனக்கு இன்றும் வியப்பே.

முழுத் தொடருக்கும் நேரமில்லாதவர்களுக்கு நான் எட்டாம் அத்தியாயத்தைப் பரிந்துரைப்பேன். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறாததை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அந்த மௌனம் தங்களை மிகவும் பாதித்தது என்று ஜூரியாக இருந்த ஒரு பெண்மணி சாதாரணமாகச் சொல்கிறார். ஜேயும் சிறைக்குப் போவார் என்று நினைத்திருந்த இன்னொரு ஜூரி, ஜேக்குச் சிறைத் தண்டனையே இல்லை என்பதைக் கோனிக் சொல்லித்தான் அறிகிறார். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது என்ற சொற்றொடர், ஜூரி அறைக்குள் என்னவாகிறது என்பதை இவ்வளவு அருகில் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

தான் ஜூரியாக இருந்தால் விடுதலை என்றே சொல்வேன், ஆனால் அவர் நிரபராதி என்று சத்தியம் செய்ய முடியாது என்று கடைசி அத்தியாயத்தில் கோனிக் கூறியதைப் பலர் நழுவல் என்றார்கள். எனக்கு அது நேர்மையாகவே பட்டது. அதைச் சொல்ல 12 அத்தியாயங்கள் தேவையா என்பது வேறு விஷயம். வாராவாரம் ஒரு புதிரில் கொண்டுபோய் நிறுத்தும் வடிவம், கனமான ஐயத்தையும் அற்ப ஐயத்தையும் ஒரே எடையில் வைத்துவிடுகிறது.

2022இல் தீர்ப்பு ரத்தாகி அட்னன் வெளியே வந்தார். அந்த விசாரணையில் ஹேயின் சகோதரருக்குரிய உரிமை மதிக்கப்படவில்லை என்று கூறி, 2024இல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனைத் தீர்ப்பு மீட்கப்பட்டதை 4–3 என்ற கணக்கில் உறுதிசெய்தது. 2025 மார்ச்சில், ஏற்கெனவே அனுபவித்த சிறைக்காலமே போதும் என்று தண்டனை குறைக்கப்பட்டது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. பாட்காஸ்டில் அந்தக் குடும்பத்தின் குரலே இல்லை. ஹே பேசுவதெல்லாம் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் நாட்குறிப்பின் சில வரிகளில் மட்டும்தான்.