குழந்தை உளவியல் பட்டப்படிப்பு: படித்து முடித்தவளின் மதிப்பீடு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள நம் குடும்பங்களில், மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளையை உளவியலில் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. தென்னாப்பிரிக்காவின் முன்வரிசைப் பல்கலைக்கழகம் ஒன்றில், குழந்தை வளர்ச்சியில் கூடுதல் பாடங்கள் எடுத்து, உளவியலில் மூன்றாண்டுப் பட்டமும் அதன்மேல் ஓராண்டு ஆனர்ஸும் முடித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். படிப்பு நல்ல படிப்பு. ஆனால் சேர்க்கையின்போது அதைப் பற்றி எங்களுக்குச் சொன்னது பாதிதான்.

முதலாண்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. நிரம்பி வழியும் விரிவுரை மண்டபம், கொஞ்சம் புள்ளியியல், குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி, பௌல்பி ஆகியோரின் கொள்கைகள். மனப்பாடம் செய்தே தேறிவிடலாம். துறையின் வரலாறு குறித்த விரிவுரை மட்டும் வேறு ரகம். நிறவெறி ஆட்சியின் சிற்பியான ஹென்ட்ரிக் வெர்வூர்ட், அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். கறுப்பினப் பிள்ளைகள் எதுவரை படிக்கலாம் என்று வரம்பு கட்டிய 1953-ஆம் ஆண்டின் பாண்ட்டு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரும் அவரே. குழந்தையின் திறனை அளக்கப் பழகும் முன்பே இதை மாணவர் காதில் போட்டுவைப்பது சரியான ஏற்பாடு.

இரண்டாமாண்டின் செய்முறை வகுப்புக்காகவே இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பேன். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் முன் ஒரே அளவான இரண்டு கிளாஸ்களில் சமமாக ஓரோஸ் ஆரஞ்சு பானம் ஊற்றி, இரண்டும் ஒன்றா என்று கேட்டேன், ஒன்றுதான் என்றான். ஒன்றை ஒல்லியான உயரக் கிளாஸுக்கு மாற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டபோது, உயரமானதில்தான் அதிகம் என்றான். வடிவம் மாறினால் அளவும் மாறியதாகச் சின்னப் பிள்ளைகள் நினைப்பார்கள் என்று பியாஜே சொன்னபடியே நடந்துவிட்டது என்று நான் குறித்துக்கொண்டேன். பதிவைத் திரும்ப ஓட்டிய பயிற்சியாசிரியர் ஓர் இடத்தில் நிறுத்தி, பையனின் கண்களைப் பார்க்கச் சொன்னார். பதில் சொல்லும் முன் அவன் கிளாஸைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். பெரியவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்றுதானே நம் வீட்டுப் பிள்ளைகளும் எடுத்துக்கொள்வார்கள்? 1970-களில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதைத்தான் சோதித்தார்கள். சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக அடுக்கிய வில்லைகளை ஆய்வாளர் கலைக்காமல், குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று ஓடிவந்து கலைத்துவிட்டதுபோல் செய்தபோது, சரியான விடை சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. பாடநூலில் அரைப் பக்கம் பிடிக்கும் இந்தச் செய்தி, அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாமாண்டில் உள்நாட்டு ஆய்வுகள் முன்னுக்கு வருகின்றன. மண்டேலா விடுதலையான 1990-இல் சோவெட்டோ, ஜோஹன்னஸ்பர்க் பகுதியில் பிறந்த 3,273 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் தரவுகளைப் படிக்கிறோம். கேப் டவுனின் கயெலிட்ஷாவில், அந்தந்தத் தெருவின் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வீடுவீடாக அனுப்பியதில், தாய்மார் குழந்தையைக் கவனிக்கும் விதமும் குழந்தைக்குத் தாயோடு உள்ள பிணைப்பும் மேம்பட்டன என்று 2009-இல் வெளியான ஆய்வையும் வரிவரியாக அலசுகிறோம். பெற்றோர் பிள்ளையை ‘நியாயமான அளவில்’ அடிக்கலாம் என்ற பழைய சட்ட விலக்கை அரசியல் சாசன நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்று தள்ளியதைப் பற்றிய விவாத வகுப்பில், அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்த நான் வாயைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

குறை என்றால், குடும்பம் என்றவுடன் தாயும் சேயும் மட்டுமே பாடத்தில் நிற்பதைத்தான் முதலில் சொல்வேன். உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் உகாண்டாவில் வீடுகளுக்குப் போய்க் கவனித்ததிலிருந்து தொடங்கிய பிணைப்பு ஆராய்ச்சி, வகுப்புக்கு வரும்போது, தாய் வெளியேறித் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஓர் அறைக்குள் சுருங்கிவிடுகிறது. பாட்டி ஊட்ட, பெரியம்மா குளிப்பாட்ட, அம்மா ஷிஃப்டு முடிந்து இரவில் வந்து தூக்கும் பிள்ளையை இந்த அறையில் எப்படி அளப்பது? 1860 முதல் இந்த மண்ணில் இருக்கும் நம் சமூகத்தின் வீடு ஒன்றுகூட எங்கள் வாசிப்புப் பட்டியலில் இல்லை. கேட்டபோது, நீங்களே ஆய்வு செய்யுங்கள் என்றார்கள். நியாயமான பதில்தான், ஆனால் கட்டணம் கட்டுகிறவளுக்குப் போதுமான பதில் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இதுதான். மூன்றாண்டுப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் யாரும் உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது. முதுகலை, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, சுகாதாரத் தொழில்வல்லுநர் மன்றத்தின் தேர்வு, பதிவு எல்லாம் முடிய வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் அதன்மேல் ஓராண்டு சமூகப் பணியும் உண்டு. முதலாண்டு மண்டபம் நிறைய மாணவர் இருக்க, முதுகலையில் எடுப்பதோ ஒரு சிலரைத்தான். நல்ல மதிப்பெண் வாங்கியும் நேர்காணலில் நின்றுபோன தோழிகள் எனக்கு உண்டு. சேர்க்கைக் கையேட்டில் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. இந்தச் சல்லடை பற்றிய விவரம் எங்கோ மூலையில் சிறிய எழுத்தில் கிடந்தது. முதுகலை கைகூடாது என்று தோன்றினால், பதிவுபெற்ற ஆலோசகராக்கும் நான்காண்டு பி.சைக் படிப்பு எங்கே இருக்கிறது என்று தொடக்கத்திலேயே தேடிக்கொள்வது நல்லது.

சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பதே மகளின் ஆசை என்றால், இந்தப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். முதல் வகுப்புக்கு முந்திய கிரேடு ஆர் வகுப்பில் ஆசிரியராக நிற்க ஆசிரியர் மன்றப் பதிவு வேண்டும். அதற்கு நேரான வழி தொடக்கநிலைக் கல்விக்கான பி.எட்.