பழைய ஸ்டீரியோ ரிசீவரில் இரைச்சல்: ஸ்ப்ரேயா, கண்டன்சரா, டிரான்சிஸ்டரா?

வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் எழுபது, எண்பதுகளில் கொண்டுவந்த சான்சுய், பயனியர், அகாய் ரிசீவர்கள் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில்) நம் குமரி மாவட்டத்தில் குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் இன்னும் சில வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன. இரைச்சல் வந்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்: காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடி, கண்டன்சரை (கெப்பாசிட்டரை) எல்லாம் மாற்று, டிரான்சிஸ்டரை மாற்று. எது வேண்டும் என்பதைச் சத்தமே சொல்லிவிடும்.

முதலில் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் சத்தம் அதே அளவில் இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால், அதாவது பவர் ஆம்ப்ளிஃபயரிலோ பவர் சப்ளையிலோ. வால்யூமோடு ஏறி இறங்கினால் அதற்கு முன்னால்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்றால், ஸ்விட்சைத் தட்டினால் ஒரு பக்கம் போய்ப் போய் வந்தால், ஸ்ப்ரேதான். நம் மாவட்டத்தில் என் முதல் ஓட்டு எப்போதும் இதற்கே, ஏனென்றால் முட்டம், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் ஆனி ஆடிச் சாரல் ஈரமும் சேர்ந்து ஸ்விட்ச் காண்டாக்டுகளைக் கறுக்க வைத்துவிடும். செலவும் குறைவு, சால்டரிங் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, குமிழின் உள்ளே கொஞ்சமாக அடித்து, இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை பலமுறை திருப்ப வேண்டும். சைக்கிளுக்கு அடிக்கும் துரு எண்ணெயை மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், அதில் நல்ல குமிழ்கள் வீணாகியிருக்கின்றன. சத்தம் கூட்டினால்தான் ஒரு ஸ்பீக்கர் உயிர் பெறுகிறது என்றால் ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி ஸ்விட்சான ரிலேயின் காண்டாக்டைப் பாருங்கள். அது ரொம்பத் தேய்ந்திருந்தால் ரிலேயை மாற்றுவதே நல்லது.

கண்டன்சர் மாற்றுவது பெரிய வேலை. இரண்டு ஸ்பீக்கரிலும் விடாமல் உறுமல், வால்யூம் பூஜ்யத்திலும் குறையவில்லை என்றால் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள்மேல் சந்தேகப்படலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஏசியை டிசியாக மாற்றும் முழு அலை ரெக்டிஃபயரைத் தாண்டிய உறுமல் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாகக் கேட்கும். மெல்லிய 50 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் பெரும்பாலும் எர்த் லூப்போ (இரண்டு செட்டுகளின் எர்த் வயர்கள் வளையமாகச் சேர்வது) ஷீல்டு என்னும் வெளிக்கவசம் விட்டுப்போன வயரோதான்: டிவி செட்டாப் பாக்ஸ் வயரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் செட்டைத் திறக்கவே வேண்டாம். இதையெல்லாம் பார்க்காமல் ஒரேயடியாக எல்லாக் கண்டன்சரையும் மாற்றுவதை நான் எதிர்க்கிறேன். ஐம்பது வருடப் போர்டில் செம்புப் பட்டை கழன்று புதுக் கோளாறு சேர்ந்துவிடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

குமிழைத் தொடாமலே ஒரு பக்கம் மட்டும் பொரியல் சத்தம், பட்பட்டென்று தெறிப்பு என்றால் டிரான்சிஸ்டர். எழுபதுகளின் 2எஸ்சி458 என்ற டிரான்சிஸ்டர் இதில் பேர்போனது. பாகத்தைச் சட்டென்று குளிரவைக்கும் ஃப்ரீஸ் ஸ்ப்ரேயை டிரான்சிஸ்டர்மேல் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால் சத்தம் மாறும் இடத்தில் ஆள் அகப்படும். அதற்குப் பதிலாகக் குறைந்த இரைச்சல் கொண்ட கேஎஸ்சி1845 போடலாம், கால்களின் வரிசையை டேட்டாஷீட்டில் (கம்பெனியின் விவரத்தாளில்) சரிபார்த்த பிறகு. மூன்றிலும் இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிகப் பொறுமை வேண்டும், பாகம் மலிவுதான்.

எஃப்எம்மில் மட்டும் உஸ்ஸென்று கேட்டு, மோனோ ஸ்விட்ச் போட்டதும் அடங்கினால் சிக்னல் போதவில்லை. ஆன்டெனாவை உயர்த்துங்கள்.