ஸ்கைரிமா, விட்ச்சரா? ஒரு மே மாதத்து வழக்கு

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பதினோரு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் வளவு என்கிற நடுமுற்றப் பகுதிதான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை வைத்தால் உள்ளங்கால் வழியாகவே வெயில் இறங்கிப் போகும். அதனால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வளவுத் தாழ்வாரத்தில் போட்டோம். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், கோயம்புத்தூரில் படிக்கிறவன், வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்: "அம்மான், நீங்க இன்னும் ஸ்கைரிமையா கட்டிக்கிட்டு அழுறீங்க? விட்ச்சர் ஆடிட்டுப் பேசுங்க."

இரண்டும் கம்ப்யூட்டர் கேம்கள். சரி என்று ஒப்பந்தம் போட்டோம். அவன் என் ஸ்கைரிமை ஆட வேண்டும், நான் அவனுடைய விட்ச்சர் 3-ஐ ஆட வேண்டும். மாத முடிவில் எது பெரிது என்று பேசிக்கொள்ளலாம். நடுவராக யாரையும் வைக்கவில்லை. ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தானாகவே நடுவர் ஆகிவிட்டார். இரண்டு கேமின் கதையையும் உடைத்துத்தான் சொல்லப்போகிறேன். ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11-இல் வந்தது, பெத்தெஸ்டா செய்தது. விட்ச்சர் 3 வந்தது 2015 மே 19-இல், போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. இரண்டிலும் பெரிய நிலப்பரப்பு, வாள், மந்திரம், குதிரை. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே சரக்கு மாதிரிதான் தெரியும். ஆடத் தொடங்கினால்தான் இரண்டும் வேறு வேறு ஊர் என்று புரியும்.

ஸ்கைரிமில் உங்களைக் கைகட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தலையை வெட்டப் போகும் நேரத்தில் டிராகன் வருகிறது. தப்பிக்க ரலோஃப் பின்னால் போகலாம், ஹாட்வார் பின்னால் போகலாம். ஒருவன் கிளர்ச்சிக்காரன், இன்னொருவன் பேரரசின் சிப்பாய். குகையை விட்டு வெளியே வந்தபிறகு யார் பின்னாலும் போகவேண்டிய அவசியம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற மலை எதுவானாலும் ஏறலாம். நான் 2013-இல் முதல்முறை ஆடியபோது ஒழுங்காக ரிவர்வுட் போனேன், அப்புறம் வைட்ரன். மருமகன் ரிவர்வுட் பக்கமே போகவில்லை. தூரத்தில் புகை தெரிகிறதே என்று ஒரு ராட்சதனின் கூடாரத்துக்குப் போனான். அந்த ராட்சதன் கதையால் ஓங்கி ஒன்று போட்டதில் ஆள் மேகத்துக்கே போய்விட்டான். இந்த கேமில் ராட்சதன் அடித்தால் அப்படித்தான், பட்டம் மாதிரி பறக்க வேண்டியதுதான். அம்மா கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

எனக்கு ஸ்கைரிம் பிடித்ததற்குக் காரணம் இந்த வீடாகக்கூட இருக்கலாம். எங்கள் வளவைச் சுற்றி எட்டு அறைகள். எங்களுக்கு இரண்டு. மீதியெல்லாம் பங்காளிகளுடையது. சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கின்றன. சின்ன வயதில் அந்தப் பூட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான். ஸ்கைரிமில் கையில் நாலு கள்ளக்கம்பி இருந்தால் போதும், எந்தப் பூட்டையும் முயன்று பார்க்கலாம். பூட்டுக்கு ஐந்து தரம் உண்டு. கம்பியை மெல்லத் திருப்பும்போது கை லேசாக அதிரும், அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். உள்ளே பெரும்பாலும் நாலு காசும் ஒரு முட்டைக்கோஸும்தான் இருக்கும். அதற்காகத் திறக்காமல் இருக்க முடியுமா?

அந்தத் தங்கக் கால்நகம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். ப்ளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய சமாதிக்குள் ஒரு கல்கதவு. அதில் மூன்று வளையங்கள். ஒவ்வொன்றிலும் மிருகப் படங்கள். சரியான வரிசையில் திருப்பிவிட்டுத் தங்க நகத்தைச் செருகினால்தான் திறக்கும். மருமகன் அரை மணி நேரம் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சலிப்பில் பையைத் திறந்து அந்த நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கையில் கரடி, அந்துப்பூச்சி, ஆந்தை என்று செதுக்கியிருந்தது. "அட" என்றான். சாவியிலேயே விடை. அந்த ஒரு "அட"வுக்காகத்தான் நான் அவனை உட்கார வைத்தேன்.

இனி அரசியல். உல்ஃப்ரிக் என்பவன் தலைமையில் ஸ்டார்ம்க்ளோக்குகள் பேரரசை எதிர்த்துக் கிளம்பியிருக்கிறார்கள். பேரரசு எல்ஃப் என்ற கூர்க்காது இனத்தாரோடு செய்த ஒப்பந்தத்தில் டாலோஸ் என்ற தெய்வத்தைக் கும்பிடக் கூடாது என்று ஒப்புக்கொண்டுவிட்டது. நம் கோயிலை மூடச் சொல்ல இவன் யார் என்பது கிளர்ச்சிக்காரர்களின் கேள்வி. நியாயமான கேள்விதானே? மருமகன் உடனே அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டான். அப்புறம் உல்ஃப்ரிக்கின் ஊரான விண்ட்ஹெல்முக்குப் போனான். வாசலைத் தாண்டியதும் இரண்டு உள்ளூர்க்காரர்கள் ஒரு டார்க் எல்ஃப் பெண்ணை மறித்து நின்று, நீ உளவாளிதானே என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இனத்தார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து ஊர் அழிந்ததால் அகதிகளாக வந்தவர்கள். அவர்களுக்கு அந்த நகரத்தில் ஒதுக்கியிருப்பது ஒரு இடுக்குச் சந்து. பல்லி மனிதர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் கோட்டைக்கு வெளியே துறைமுகத்தில்தான் கிடக்க வேண்டும்.

இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவின் அப்பா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். இந்தப் பக்கம் அந்தக் கதை இல்லாத வீடு குறைவு. அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சாமியைக் கும்பிட விடலைன்னு சண்டை போடுறவன், வந்தவனை இப்படியா வைப்பான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மருமகன் அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்து வேலைகளை நிறுத்திவிட்டான்.

கேமுக்குள்ளேயே எல்ஃபுகளின் தூதரகத்தில் ஒரு கோப்பு கிடைக்கும். படித்தால் தெரியும்: இந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்காமல் இழுத்துக்கொண்டே போவதுதான் எல்ஃபுகளுக்கு லாபம். என் கருத்தில் இரண்டு பக்கமும் சேராமல் இருப்பதுதான் உத்தமம். சண்டையை முடிக்காமல் மூலக்கதையில் முன்னே போனால், மலை உச்சி மடத்தில் இரண்டு தரப்பையும் கூட்டிவைத்து ஒரு பஞ்சாயத்து நடக்கும். எந்த ஊரை யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதில் உங்கள் சொல்லும் உண்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்குக் கத்துவதைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை ஞாபகம் வரும்.

குறை இல்லையா? நிறைய உண்டு. இவ்வளவு தீர்மானித்தும் ஸ்கைரிம் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. போரை ஜெயித்தால் காவலர்களின் உடை மாறும், சில ஊர்த் தலைவர்கள் மாறுவார்கள், அவ்வளவுதான். மந்திரக் கல்லூரிக்கும் திருடர் சங்கத்துக்கும் கொலைகாரக் கூட்டத்துக்கும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் தலைவராக இருக்கலாம். ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். டிராகனையே கொன்றுவிட்டு வந்தாலும் தெருக்காவலன் உங்களைப் புதுசாக வந்த பயல் மாதிரிதான் பேசுவான். அப்புறம் அந்த வில். மந்திரவாதியாகத் தொடங்கினாலும் கோடரிக்காரனாகத் தொடங்கினாலும் முப்பது மணி நேரத்தில் இருட்டில் குனிந்து அம்பு விடுகிறவனாகத்தான் வந்து நிற்பீர்கள். மருமகனுக்கு ஒன்பது நாள் ஆனது. குத்துவாளை வைத்துப் பதுங்கிக் குத்தினால், அதற்கான திறமையை வாங்கியிருந்தால், 15 மடங்கு அடி என்று ஆசைகாட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை.

விட்ச்சர் 3-இல் இந்தச் சுதந்திரம் கிடையாது. நீங்கள் கெரால்ட்தான். நரைத்த முடி, முதுகில் இரண்டு வாள், மனிதனுக்கு எஃகு, பேய் பிசாசுக்கு வெள்ளி. வளர்ப்பு மகள் சிரியைத் தேட வேண்டும். முகத்தையும் இனத்தையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. முதல் இரண்டு நாள் எனக்குச் சட்டை பத்தாத மாதிரி இருந்தது. சண்டையில் உருண்டு உருண்டு அலுத்துவிட்டது. அப்புறம் வெலன் என்ற சதுப்பு நாட்டுக்குப் போனேன்.

அங்கே ஒரு பேரன். அதாவது நம் பேரன் இல்லை, பிரபுப் பட்டம். குடிகாரன், பெண்டாட்டியை அடித்தவன். அவள் மகளோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். கண்டுபிடித்துக் கொடுத்தால் சிரியைப் பற்றிச் சொல்கிறேன் என்கிறான். தேடிப் போனால் சதுப்புக்குள் மூன்று சூனியக் கிழவிகளுக்குக் கட்டுப்பட்டு, அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அந்தப் பிள்ளைகளைக் கிழவிகள் தின்றுவிடுவார்கள். பக்கத்தில் ஒரு மேடு. அடியில் மரவேரில் ஒரு ஆவி கட்டுண்டு கிடக்கிறது. என்னை விடுவி, பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. கொல்லவும் செய்யலாம், அதைத்தான் ஊர்ப் பெரியவர் கேட்கிறார்.

இந்த இடத்தில் அம்மா ஊஞ்சலை நிறுத்திவிட்டார். "பிள்ளைகளைக் காப்பாத்துறேங்குதுல்ல, விட்டுடு" என்றார். விட்டேன். விடுவிக்கக் கருங்குதிரையும் காக்கை இறகும் எலும்புகளும் தேட வேண்டும், அதற்கே ஒரு மத்தியானம் போயிற்று. பிள்ளைகள் தப்பித்தார்கள். நாங்கள் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாக எழுந்தோம்.

மறுநாள்தான் மீதி தெரிந்தது. அந்த ஆவி பக்கத்துக் கிராமத்தையே அழித்துவிட்டது. பிள்ளைகள் போய்விட்ட கோபத்தைக் கிழவிகள் பேரனின் பெண்டாட்டி மேல் காட்டி, அவளை ஒரு நீர்ப்பேயாக மாற்றிவிட்டார்கள். மாற்றியதை உடைத்தும் அவள் பிழைக்கவில்லை. திரும்பி வந்தால் பேரன் தன் கோட்டைக்குள் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். முன்பு சேமித்துவைத்த ஆட்டம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எட்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒன்று இருந்தது. அம்மா "வேற வழியே இல்லையாப்பா?" என்று கேட்டார். ஆவியைக் கொன்றிருந்தால் பிள்ளைகள் சாவார்கள், அவள் புத்தி பேதலித்தாவது உயிரோடு இருப்பாள், பேரன் அவளைக் கூட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்கக் கிளம்புவான் என்று மருமகன் சொன்னான். அன்றைக்கு அம்மா டிவி சீரியல்கூடப் பார்க்கவில்லை.

இதுதான் விட்ச்சரின் பலம். விதைத்த இடத்தில் முளைக்காது, பத்து மணி நேரம் கழித்து வேறொரு இடத்தில் முளைக்கும். சிரியின் முடிவும் அப்படித்தான். பெரிய சண்டையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அங்கே கணக்கில் இல்லை. துக்கத்தில் இருக்கிறவளோடு சேர்ந்து குடித்தீர்களா, பனிக்கட்டி எறிந்து விளையாடினீர்களா, இந்த மாதிரி நாலைந்து சின்ன இடங்கள்தான் கணக்கு. மகள் வளர்க்கிறவர்கள் ஆடினால் கொஞ்சம் உறுத்தும்.

ஒரே ஒரு கேலி. மகளைக் காணோம் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிற ஆள், கடை கடையாக உட்கார்ந்து குவென்ட் என்ற சீட்டாட்டம் ஆடுகிறான். நானும்தான் ஆடினேன். நாலு நாள். அதோடு, அவன் குதிரை ரோச் அவ்வப்போது கூரைமேல் போய் நிற்கும். அம்மாவுக்கு இந்த கேமில் மனசார பிடித்தது அது ஒன்றுதான்.

எல்டன் ரிங் என்ற இன்னொரு கேம் ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். 2022-இல் வந்தது. வெளியே வந்ததும் தங்கக் கவசத்தில் குதிரைவீரன் ஒருவன் நிற்பான். மருமகன் அவனிடம் செத்துச் செத்து மகிழ்கிற ஜாதி. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று குறித்துவைக்க ஒரு பட்டியல்கூடத் தராத கேம் அது. என் மெஷினில் 8 ஜிபி ராம், அது கேட்பது குறைந்தது 12. அத்தோடு பேச்சு முடிந்தது.

மெஷின் என்றதும் சொல்ல வேண்டும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு 12 ஜிபி இடம் போதும், பழைய கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும். விட்ச்சர் 3-க்கு 50 ஜிபி. 2022 டிசம்பரில் வந்த புது அப்டேட்டுக்குப் பிறகு பழைய மெஷின் மூச்சு வாங்கும், எல்லாவற்றையும் குறைத்துவைத்து ஆடுங்கள். கரண்ட் போகிற ஊரில் இருப்பவர்கள் எதை ஆடினாலும் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஸ்கைரிமில் ஆட்டத்தைச் சேமிக்கிற எஃப்5-ஐ விரல் தானாகத் தேடும் அளவுக்குப் பழகிவிட்டது எனக்கு. மோட், அதாவது ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கிற மாற்றங்கள், அந்தப் பக்கம் போனால் ஸ்கைரிம்தான் ராஜா. ஆனால் முதல்முறை ஆடுகிறவர்கள் மோட் போடாமல் ஆடுவதே நல்லது.

சரி, எது பெரிது? கதை என்று கேட்டால் விட்ச்சர், வாதமே இல்லை. என் ஓட்டு மட்டும் இன்னும் ஸ்கைரிமுக்குத்தான். காரணம் எனக்குப் புரிந்தது வளவில் அல்ல, டீக்கடையில். சாயங்காலம் இரண்டு பேரும் நடந்து போவோம். விட்ச்சரைப் பற்றி நாங்கள் பேசியது: "பிள்ளைகளைக் காப்பாத்தினீங்களா, இல்லையா?" ஒரு கேள்வி, இரண்டு பதில், டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஸ்கைரிம் பேச்சு வந்தால் கதையே வேறு. நான் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிய கேமில் நான் பார்க்காத குகையை அவன் பார்த்திருப்பான். அவனைக் கரடி ஒன்று துரத்தியிருக்கும், நடுவில் டிராகன் இறங்கியிருக்கும். யாரும் எழுதி வைக்காத கதை அது. இரண்டாவது டீ சொல்ல வேண்டியிருந்தது.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணுமே நிக்காத கதை, அம்மான்" என்கிறான். அதிலும் உண்மை இருக்கிறது. இப்போது விட்ச்சரை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். இந்தத் தடவை மேட்டுக்குக் கீழே இருக்கிறதைக் கொல்லப்போகிறானாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டிக்குப் போவார், அப்போது ஆடிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.