எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பத்து மடங்கு லூப் (நாணயம் பார்க்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி)

கண்ணாடி நல்ல தெளிவு, ஓரத்தில் மட்டும் லேசாக வளைத்துக் காட்டுகிறது. கூடவே வரும் எல்.இ.டி. விளக்கை அணைத்துவிடுங்கள், அந்தப் பளபளப்பில் நாணய எழுத்துகளில் இல்லாத இரட்டிப்பெல்லாம் தெரிகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் போதும். நாணயம் அடிக்கும் அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டாவது எழுத்தும் உருண்டு மேடாக நிற்கும், எழுத்தின் முனைகளில் சின்னப் பிளவு இருக்கும். நாணயம் அடிக்கும்போது அச்சு ஆடியிருந்தால் தட்டையான படிக்கட்டு போல ஒரு விளிம்பு. எழுத்தும் அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். விற்பவர் என்ன சொன்னாலும் சரி, அச்சு ஆடிய இந்த வகைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அச்சிலேயே இரட்டித்த, புகழ்பெற்ற 1955 அமெரிக்க லிங்கன் சென்ட்டுக்கு லூப்பே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே ஆண்டு இரண்டாகத் தெரியும். நம்ம ஜார்ஜ் மன்னர் காலணாவுக்கு இந்த லூப் தாராளம். அப்புறம், உறை மட்டம்.